சைக்கிளிங்: தொட்டியைப் பழக்குதல்

மீன் வளர்ப்பவர்களிடம் புதுத் தொட்டி என்று சொன்னால் முதல் கேள்வி, “சைக்கிள் ஆயிடுச்சா?” கிரேக்கத்தில் ‘குக்லோஸ்’ என்றால் வட்டம், சக்கரம். அது லத்தீன் வழியே ஆங்கிலத்துக்குப் போய் ‘சைக்கிள்’ ஆனது. வடமொழியின் ‘சக்ர’வும் இதே வேரில் பிறந்ததுதான். ஆக, நாம் சொல்லும் சக்கரம் இதற்குத் தூரத்து உறவு.

தொட்டிக்குள் சுற்றுவது நைட்ரஜன். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்பவை. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றினால் குறையும்.

பாடநூல் இதை ‘நைட்ரஜன் சுழற்சி’ என்கிறது. வேதியியலுக்குச் சரி. ஆனால் நாம் எதையும் சுழற்றுவதில்லை. ஃபில்டரில் பாக்டீரியா குடியேறும்வரை காத்திருக்கிறோம். புது தோசைக்கல்லைப் பழக்குவது என்கிறோமே, அந்த வினைதான் இங்கே பொருந்தும்: தொட்டியைப் பழக்குதல்.

நீலகிரியில் பழக்க நாளாகும். இந்த பாக்டீரியாக்களுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் பிடிக்கும். சமவெளியில் பொதுவாக 4 முதல் 6 வாரம் என்றால், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், டிசம்பர் குளிரில், ஹீட்டர் இல்லாத தொட்டிக்கு இன்னும் இழுக்கும். தண்ணீர் மென்மையாக, அதாவது கரைந்த உப்புகளும் கார்பனேட்டும் குறைவாக இருந்தால் அடுத்த சிக்கல். அம்மோனியாவை மாற்றும் வேலை தண்ணீரிலுள்ள கார்பனேட்டைத் தின்றுவிடும். அது தீர்ந்து தண்ணீர் புளித்து, பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 6-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா ஏறக்குறைய முடங்கிவிடும். ஃபில்டருக்குள் சிறு துணிப்பையில் உடைத்த கிளிஞ்சல் போட்டு வைத்தால், அது மெல்லக் கரைந்து ஈடுகட்டும்.

கோல்ட்ஃபிஷ் குளிரைத் தாங்கும் என்று புதுத் தொட்டியில் ஒரே நாளில் பத்து, பதினைந்தை விடுபவர்கள் உண்டு. அதிகம் கழிவு போடும் மீன் அது. விட்டாயிற்றா, சரி, தீனியைப் பாதியாக்கி, தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். அப்புறம் நோயில்லாத பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால் அதன் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பிழிந்தால் பழுப்பாக வழியும், விரலில் வழவழக்கும். அழுக்கென்று குழாயடியில் தேய்த்துவிடாதீர்கள், பாக்டீரியா வாழ்வது அதில்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால், தொட்டி பழகிவிட்டது.