துண்டுக்கு அடியில் பேசும் ஹோட்டல் விலை

"நியூயார்க்குல நாலு நட்சத்திர ஹோட்டல், ராத்திரிக்கு 180 டாலர்தான் சார்" என்று போனை என் மேஜைமேல் வைத்தார் அவர். ராணிப்பேட்டை பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மே மாதம் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. அவர், மனைவி, மாமியார் என்று மூன்று பேர் போகிறார்கள். திரையைப் பார்த்தேன். ஹோட்டல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கட்டடமும், அது இருக்கும் பகுதியின் பெயரும்தான் இருந்தன.

"பேர் எங்க சார்?"

"துட்டு கட்டினப்புறம்தான் சொல்லுவானாம்."

வேலூரில் 20 வருஷத்துக்கு மேலாக டிராவல் ஏஜென்சி நடத்துகிறேன். டிக்கெட், விசா பாரம், ரூம், எல்லாம் போடுகிறோம். இந்தப் பெயர் சொல்லாத ரூமைக் காட்டிக் கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். அநேகமாக அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய லிங்க்காக இருக்கும். ஏமாற்று வேலையா என்பதுதான் முதல் கேள்வி. ஏமாற்று இல்லை. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்துகிற சரக்கும் இல்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? தரகர் தோளில் இருக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைகள்மேலும் போட்டுக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே நிற்பவனுக்கு முகம் தெரியும், விலை தெரியாது. எதற்கு இவ்வளவு மறைவு? இந்த மாட்டை இத்தனைக்கு விட்டேன் என்று தெரிந்துவிட்டால், அடுத்து வருகிறவனும் அதே விலைக்குத்தான் கேட்பான்.

ஹோட்டல்காரர் செய்வதும் அதேதான், என்ன, அவர் விலையைக் காட்டிவிட்டுப் பெயரை மறைக்கிறார். இன்று இரவு காலியாகக் கிடக்கும் ரூமை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. சாயங்காலம் வாடிப்போன கீரைக்கட்டு மாதிரி, விற்றால் உண்டு. குறைத்துக் கொடுக்க அவருக்கும் ஆசைதான். தன் பெயரைப் போட்டே குறைத்தால், 300 டாலர் கொடுத்துத் தங்கியிருப்பவர் கவுன்டருக்கு வந்து நிற்பார். கம்பெனிக் கணக்கில் வருடம் முழுக்க ரூம் எடுக்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். அதனால்தான் துண்டு. நமக்குக் கிடைக்கும் தள்ளுபடி, ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கான கூலி. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு காலத்தில் இது நிஜமாகவே ஏலமாக இருந்தது. பிரைஸ்லைன் என்ற அமெரிக்க நிறுவனம் 1998ல் தொடங்கியபோது, "விலையை நீங்களே சொல்லுங்கள்" என்பதுதான் அவர்கள் விளம்பரம். அந்த முறைக்கு அதைத் தொடங்கிய ஜே வாக்கர் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கி வைத்திருந்தார். ஊர், ஊருக்குள் பகுதி, எத்தனை நட்சத்திரம், இவற்றை நீங்கள் குறிக்க வேண்டும். இத்தனை டாலர் தருகிறேன் என்று எழுதி, கார்டு எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஏதாவது ஒரு ஹோட்டல் ஒத்துக்கொண்டால் அந்த நிமிஷமே பணம் போய்விடும். அப்புறம்தான் பெயர் வரும். பிடிக்கவில்லை என்று சொல்ல வழி கிடையாது.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடனே கேட்க வேண்டுமானால் பகுதியையோ நட்சத்திரத்தையோ மாற்ற வேண்டும். இங்கேதான் கெட்டிக்காரர்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். நாலு நட்சத்திர ஹோட்டலே இல்லாத ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டால், கேள்வி மாறிவிடும், ஆனால் ரூம் அங்கே விழ வாய்ப்பில்லை. பத்து டாலர் ஏற்றி இன்னொரு தடவை கேட்டுவிடலாம்.

2011ல் ஒரு டாக்டர் தம்பதிக்காக நான் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். நியூஜெர்சியில் இருந்த அவர்கள் தம்பி மகன் போனில் இருக்கிறார், கார்டு அவருடையது. நான் இங்கே கடையில் உட்கார்ந்து, "இந்தப் பகுதியை டிக் பண்ணுங்க தம்பி, அங்கே நாலு நட்சத்திரமே கிடையாது" என்கிறேன். என் கையில் இருந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய பட்டியல். அதற்குள் அங்கே புதிதாக ஒரு ஹோட்டல் திறந்துவிட்டார்கள். ரூம் அங்கேயே விழுந்தது, நியூயார்க்கின் மையப் பகுதியான மன்ஹாட்டனுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம். சத்துவாச்சாரியில் ரூம் கேட்டவருக்குக் காட்பாடியில் கிடைத்த மாதிரி. நம் பாலாற்றிலாவது இறங்கி நடந்துவிடலாம்! பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, தப்பு முழுக்க என்னுடையது. அந்த டாக்டரம்மா ஊர் திரும்பி வந்து, "ரூம் நல்லாத்தான் இருந்துச்சு, தினமும் ரயில்ல மாநாட்டுக்குப் போனோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த ஏலம் இப்போது இல்லை. 2016ல் விமான டிக்கெட்டுக்கு நிறுத்தினார்கள், பின்னால் ஹோட்டலுக்கும் நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது அதன் தம்பி. விலையை அவர்களே சொல்லிவிடுவார்கள், பெயரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஹாட்வயர் என்ற இன்னொரு அமெரிக்கத் தளம் ஆரம்பத்தில் இருந்தே இந்த வழிதான். பகுதி, நட்சத்திரம், வசதிகள், விருந்தினர் கொடுத்த மதிப்பெண் எல்லாம் காட்டுவார்கள். அதே பகுதியில் பெயரோடு விற்கும் ஹோட்டல்களின் மதிப்பெண்ணையும் வசதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதி நேரம் எது என்று யூகித்துவிடலாம். மீதிப் பாதி நேரம் மூக்குடைபடலாம். நட்சத்திரக் கணக்கும் அந்தந்தத் தளம் தானே போடுவது. ஒரு தளத்தில் நாலு இருப்பது இன்னொன்றில் மூன்றரையாக இருக்கும்.

சரி, பெல் சாருக்கு வருவோம். அவருக்கு நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் விலை இல்லை, மாமியார். இந்த வகை ரூமில் பொதுவாக இரண்டு பெரியவர்களுக்கு மட்டுமே உத்தரவாதம். ஒரே கட்டிலா இரண்டு கட்டிலா என்பதை ஹோட்டல்தான் முடிவு செய்யும். மன்ஹாட்டன் ரூம்கள் எவ்வளவு சின்னவை என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. நம் ஊர் லாட்ஜில், "பாட்டிக்கு ஒரு பாய் போடுப்பா" என்றால் ரூம் பாய் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வடநாட்டுக் குடும்பங்கள் காந்தி ரோடு பக்கம் ஒரே ரூமில் நாலு பேர் தங்கிச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். அங்கே அது நடக்காது. மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டில் கேட்டால், இருந்தால் காசு வாங்கிக்கொண்டு தருவார்கள். இல்லாவிட்டால் இன்னொரு ரூம் எடுக்கச் சொல்வார்கள், அன்றைய விலைக்கு. எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா, 20 மணி நேரப் பயணம் முடிந்து கவுன்டர் முன்னால் நிற்கும்போது கற்க வேண்டிய பாடமா இது?

அப்புறம் அந்த 180. மூன்று ராத்திரிக்கு 540 டாலர். நியூயார்க் நகரில் ஹோட்டல் ரூமுக்கு வரி 14.75 சதவீதம், அதற்குமேல் ராத்திரிக்கு மூன்றரை டாலர் தனி. ஆக 630 டாலருக்குப் போய்விட்டது. நம் கார்டில் வெளிநாட்டுப் பணம் தேய்த்தால் பல வங்கிகள் மூன்றரை சதவீதம் வரை பிடிக்கும், அந்தப் பிடித்தத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. கூட்டினால் 656. ராத்திரிக்கு 180 என்று பார்த்தது கடைசியில் 219 ஆகிவிடுகிறது. இதோடு முன்பு இன்னொரு வேடிக்கையும் இருந்தது. "வசதிக் கட்டணம்" என்று ராத்திரிக்கு இத்தனை டாலர் என்பதைக் கடைசிப் பக்கத்திலோ, நேராகக் கவுன்டரிலோதான் சொல்வார்கள். ஜிம்முக்கும் வைஃபைக்கும் என்பார்கள், நீங்கள் இரண்டையும் தொடாவிட்டாலும் கட்ட வேண்டும். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் இதற்கு ஒரு விதி வந்திருக்கிறது. கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்தேதான் விலையை விளம்பரம் செய்ய வேண்டும். நல்ல விதி. ஆனால் அரசாங்க வரியை விலையில் சேர்த்துக் காட்ட வேண்டியதில்லை, அதனால் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

கவுன்டரில் இன்னொரு சிக்கல். மகன் அங்கிருந்து பணம் கட்டிவிட்டான், நாம் வெறுங்கையோடு போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே நுழையும்போது தங்குகிறவர் பெயரில் ஒரு கார்டு கேட்பார்கள். சில்லறைச் செலவுக்கு முன்பிடித்தம் என்று ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டோ, பணம் ஏற்றிய பாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வர நாள் கணக்கில் ஆகும், அதுவரை செலவு செய்ய முடியாது. கிரெடிட் கார்டு ஒன்று கையில் இருக்கட்டும். 2020 மார்ச்சில் இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், நாமே வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கூடவே ஒரு வரம்பும் போட்டு வையுங்கள், ஏனென்றால் பல வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்காமலே பணத்தை எடுத்துவிடும்.

விசா கையில் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் பாய் ஒருவர் எனக்குப் பழைய வாடிக்கையாளர். மிலானில் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், லீனியாபெல்லே தோல் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் ஊரில் ரூம் விலை எகிறும். ஒரு வருஷம் அவர் மகன், "மாமா, பாதி விலைக்கு முடிச்சிட்டேன்" என்று பெருமையாகப் போன் செய்தான். பெயர் சொல்லாத ரூம்தான், திருப்பித் தராத பணம். "விசா?" என்றேன். இன்னும் மனுவே போடவில்லை. தாமதமாகப் போட்டார்கள், தாமதமாகக் கிடைத்தது. கண்காட்சி முடிந்த மறுநாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ரூம் விஷயத்தை மகன் கையில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

நான் செய்யும் முறை இது. முதலில் ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் ரூம் ஒன்றைப் பெயரோடு போட்டு வைத்துவிடுவேன். போகிறவர் ஒருவரோ இருவரோ, விசா வந்துவிட்டது, தேதி மாறாது, எந்தக் கட்டிலானாலும் தூங்குவார் என்றால் மட்டும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மறைவு விலையைப் பார்ப்போம். நல்ல வித்தியாசம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, பழையதைக் கெடுவுக்குள் ரத்து செய்வோம். இந்தக் கெடு அந்த ஊர் நேரப்படி என்பதை மறந்து பணத்தை விட்டவர்கள் உண்டு. நியூயார்க்கில் மாலை 6 மணி என்றால், மே மாதத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. குளிர்காலத்தில் 4.30.

எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். நியூயார்க்கில் ஜனவரி, பிப்ரவரிதான் மலிவு. செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை, நவம்பர் முதல் ஞாயிறு மாரத்தான், அப்புறம் கிறிஸ்துமஸ் என்று வருஷக் கடைசி முழுக்க ஏற்றம்தான். பங்குச் சந்தை இருக்கும் தெற்கு முனைப் பகுதியில் அலுவலகக் கூட்டம் போய்விடுவதால் சனி ஞாயிறு பெரும்பாலும் இறங்கும். காலி ரூம் இருந்தால்தான் துண்டு விரிப்பார்கள். கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் போய் ரூமுக்கு விலை குறைத்துக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கடைசியாக ஒன்று, இது ரூமைவிடப் பெரிய நஷ்டம் தரக்கூடியது. பணம் கட்டியபின் ஏதாவது குழப்பம் வந்தால், உடனே கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித் தேடி, வந்த எண்ணில் பேசினார். ரூம் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள் என்றார்கள். இறக்கினார். அவர் திரையை அங்கே இருந்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ரூம் பணம் வரவில்லை, வங்கியில் இருந்த பணமும் போனது. உங்களுக்கு வந்த உறுதி மின்னஞ்சலிலும் அந்த ஆப்பின் உள்ளேயும் இருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

பெல் சாருக்குப் பெயரோடு, இரண்டு கட்டில் இருக்கிற ரூமாகப் போட்டுக் கொடுத்தேன். வரியெல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 274 டாலர். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. கெடு நாளைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கண்முன்னாலேயே போனில் 3.15க்கு அலாரமும் வைத்தேன்.

அன்றைக்கு ராத்திரி 9 மணிக்கு அவரிடமிருந்து போன். "சார், இப்ப 152 காட்டுது. பழசை ரத்து பண்ணிடலாமா?"

"அத்தையைக் கேட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது.

"தனிக் கட்டில் உண்டானு எழுதிக் குடுப்பாங்களானு கேக்கறாங்க சார்."

"குடுக்கமாட்டாங்க."

"அப்ப விட்டுடுங்க."

அலாரத்தை எடுத்துவிட்டுப் படுத்தேன்.