‘அவங்க’ என்றே பேசிக் களைக்கும் மனம்: ஏற்புச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

தூக்கமே வரவில்லை என்று ஒருவர் தெரபிஸ்டிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயது ஆண். ஆறு வருடமாக இன்னொரு ஆணோடு வாழ்கிறார். “வீட்டில் யார் யார் இருக்கீங்க?” என்று முதல் கேள்வி வருகிறது. தமிழில் இதற்குப் பதில் சொல்வது அவருக்குச் சுலபமல்ல. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைச்சொல்லின் வாலிலேயே பால் தெரிந்துவிடும். அதனால் ‘அவங்க லேட்டா வருவாங்க’, ‘அவங்க சொன்னாங்க’ என்றே ஒரு மணி நேரத்தையும் ஓட்டிவிடுகிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியே விடுவதற்கு முன் உள்ளுக்குள் ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார். தூக்கத்தைப் பற்றிப் பேச வந்தவரின் கவனத்தில் பாதி, விகுதிகளைக் காவல் காப்பதிலேயே தீர்ந்துவிட்டது.

இந்தக் காவல் வேலையையே சிகிச்சைக்குரிய விஷயமாக எடுத்துக்கொள்வதுதான் அஃபர்மேட்டிவ் தெரபி. தமிழில் ஏற்புச் சிகிச்சை எனலாம். இதற்கென்று தனி மருந்தோ மந்திரமோ கிடையாது. உளவியலில் ஏற்கெனவே இருக்கும் முறைகளைத்தான் இதுவும் கையாள்கிறது. பிரச்சினை எங்கே இருக்கிறது என்ற கணிப்புதான் வேறு. தன்பாலீர்ப்பையோ, திருநராக (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறான பாலினத்தவராக) இருப்பதையோ, ஆட்டிசத்தையோ அது சரிசெய்யக் கிளம்புவதில்லை. இப்படிப்பட்ட ஒருவர் இத்தனை வருடம் வாழ்ந்த சூழல் அவருடைய உடம்பிலும் மனதிலும் என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்க்கிறது.

இந்தக் கணிப்புக்கு வந்துசேர உளவியலுக்கு வெகுகாலம் ஆனது. தன்பாலீர்ப்பு ஒரு மனநோய் என்று நிபுணர்கள் உறுதியாகச் சொல்லிவந்த காலத்தில், அவர்கள் ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மனநல மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இருந்தவர்கள். அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் வேறு வழியில் போனார். சிகிச்சையில் இல்லாமல் சாதாரணமாக வாழ்ந்துவந்த 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும், வயது, படிப்பு, அறிவுத்திறன் ஆகியவற்றில் அவர்களுக்கு இணையான 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் எடுத்துக்கொண்டார். மைத்தீற்றல்களைப் பார்த்துத் தோன்றுவதைச் சொல்லும் ரோர்ஷாக் சோதனை உட்பட மூன்று சோதனைகளை எல்லோருக்கும் வைத்தார். யார் எந்தப் பிரிவு என்பதை மறைத்து, முடிவுகளை அந்தத் துறையின் பெரிய நிபுணர்களிடம் கொடுத்தார். யார் தன்பாலீர்ப்பு ஆண் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வு 1957இல் வெளிவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்க 1973 வரை ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. திருநராக இருப்பதை மனநோய் அத்தியாயத்திலிருந்து அந்த நிறுவனம் வெளியே எடுத்ததோ 2019இல்தான்.

சரி, நோய் இல்லையென்றால் இவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் ஏன் அதிகம் காணப்படுகின்றன? நியாயமான கேள்வி. 2003இல் இலான் மேயர் என்ற ஆய்வாளர் விரித்துச் சொன்ன ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்ற கருத்து இதற்கு விடை தருகிறது. எல்லோருக்கும் வரும் கவலைகளுக்கு மேல் இவர்களுக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. கேலி, அடி, வேலை மறுப்பு எல்லாம் வெளியிலிருந்து வருகிற பகுதி. நாளாக ஆக அது உள்ளே குடியேறுகிறது: அடுத்த அவமானம் எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பு, மறைத்து வாழ்வது, கடைசியில் ஊர் சொன்னதைத் தானே நம்பத் தொடங்குவது. அதன்பின் யாரும் எதுவும் செய்யாத நாளிலும் உடம்பு தயார்நிலையிலேயே இருக்கும். இதயம் வேகமாகத் துடிப்பதும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரப்பதும் சிறிது நேர ஆபத்துக்கு நல்ல ஏற்பாடுகள். வருடக்கணக்கில் நீடித்தால் அவையே தூக்கத்தையும் நிம்மதியையும் அரிக்கின்றன.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கும் இதே போன்ற ஒரு சுமை உண்டு. அதை மாஸ்கிங் என்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசக் கட்டாயப்படுத்திக்கொள்வது, சிரிக்க வேண்டிய இடத்தை மற்றவர்களைப் பார்த்துக் கணிப்பது, கையை ஆட்டத் தோன்றும்போது அடக்கிக்கொள்வது, நாளைய உரையாடலை இன்றே ஒத்திகை பார்ப்பது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ‘நல்லாத்தானே பேசுறாங்க’ என்று தோன்றும். அப்படி நடித்து முடித்த பிறகு வரும் களைப்பைப் பற்றி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், அறைக்குள் என்னதான் நடக்கிறது? பதற்றத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் சிகிச்சை, எண்ணங்களைச் சோதிப்பது. “எல்லோரும் என்னையே முறைக்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னால், “அதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்பார்கள். பலருக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பொதுக் கழிப்பறை வாசலில் உண்மையாகவே முறைக்கப்பட்டு, விரட்டப்பட்ட ஒரு திருநங்கையிடம் இதையே கேட்டால், நடந்ததை நம்பாத இன்னொரு ஆளாக அந்த தெரபிஸ்ட் ஆகிவிடுகிறார். ஏற்புச் சிகிச்சையில் முதல் வேலை, “அந்த ஆபத்து உண்மையானது, உங்கள் பயம் அதிலிருந்து கற்றுக்கொண்டது” என்று ஒப்புக்கொள்வது. அதற்குப் பிறகுதான் பிரித்துப் பார்க்கும் வேலை. எந்த இடத்தில் ஆபத்து இன்றும் இருக்கிறது? எந்த இடத்தில் பழைய எச்சரிக்கை மணி மட்டும் அடிக்கிறது? முதலாவதற்குப் பாதுகாப்புத் திட்டமும் துணையும் தேவை. இரண்டாவதில், பாதுகாப்பான மனிதர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காவலைத் தளர்த்திப் பார்க்கலாம். ‘நான் அசிங்கமானவன்’ என்ற நினைப்பு வரும்போது, அது யாருடைய குரல், எந்த வயதில் கேட்டது என்று தேடிப் போகிறார்கள். சொந்தக் குற்றம் என்று சுமந்துகொண்டிருந்தது யாரோ சொன்ன வசவு என்று தெரிந்துவிட்டால், மனம் அதை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறது.

இது நல்ல மனதோடு சொல்லப்படும் ஆறுதல் மட்டும்தானா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜான் பச்சான்கிஸ் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர்கள் 63 பேர் கலந்துகொண்டனர். இந்த முறையில் 10 அமர்வுகள் முடித்தவர்களுக்கு, சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களைவிட மனச்சோர்வும் குடிப்பிரச்சினையும் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து ஒப்பிட்டது என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. 15 முதல் 21 வயது வரையிலான 129 திருநர் இளைஞர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2018இல் வந்தது. தாங்கள் தேர்ந்தெடுத்த பெயரால் அழைக்கப்படும் இடங்கள் கூடக் கூட, மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தே காணப்பட்டன. பெயர்தான் காரணம் என்று அந்த ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் ஒருவரை அவருடைய பெயரால் கூப்பிடுவதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆட்டிசத்தில் தெரபிஸ்ட் தன் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்பது பழைய கருத்து. தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் அதைத் திருப்பிக் கேட்டார்: மற்றவர்களுக்கு மட்டும் ஆட்டிசம் உள்ளவர்களின் மனம் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். 2020இல் இதற்கு ஓர் அழகான சோதனை நடந்தது. எட்டுப் பேர் வரிசையில் ஒரு கதை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் கலப்பு வரிசையின் சரிவு தெரியவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் நன்றாகவே தகவல் பரிமாறுகிறார்கள் என்ற முடிவு அதிலும் நின்றது.

அறைக்குள் இதன் விளைவுகள் மிகச் சாதாரணமானவை. கண்ணைப் பார்க்கச் சொல்வதில்லை. கூசும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். கையில் எதையாவது உருட்டிக்கொண்டே பேசலாம். ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தங்கள் உணர்ச்சி இன்னதென்று சொல்வது கடினம். “இப்போது எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டால் அவர்கள் தேர்வறையில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுவார்கள். “உடம்பில் எந்த இடம் இறுக்கமாக இருக்கிறது?” என்று கேட்கலாம், அடுத்த அமர்வுக்கு எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம். கவனத்தை ஒருமுகப்படுத்துவதைக் கடினமாக்கும் ஏடிஹெச்டி உள்ளவர், தெரபிஸ்ட் கொடுத்த பயிற்சியைச் செய்யாமல் வந்தால், அதை ஆர்வமின்மை என்று எழுதிவைப்பதற்குப் பதில், பயிற்சியைச் சின்னதாக்கி நினைவூட்டல் வைத்துக்கொள்ள உதவலாம். அவருக்கு மருந்து பலன் தருமென்றால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். ஏற்புக்கும் மருந்துக்கும் பகை இல்லை.

ஒருவரே திருநராகவும் ஆட்டிசம் உள்ளவராகவும் இருப்பதும் அரிதல்ல. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், மற்றவர்களைவிடத் திருநர்களிடையேயும் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத பாலினப் பன்மையினரிடையேயும் ஆட்டிசம் 3 முதல் 6 மடங்கு அதிகமாக இருந்தது. இங்கேதான் பலர் காயப்படுகிறார்கள். “உங்களுக்கு ஆட்டிசம், அதனால்தான் பாலினத்தில் குழப்பம்” என்று ஒன்றை வைத்து இன்னொன்றை அழித்துவிடுவார்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதற்கு, அவர் எல்லோரையும் போல யோசிக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பது கொடுமை.

ஏற்பு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல தெரபிஸ்ட் மறுத்தும் பேசுவார். குடி அதிகமாகிறது, கோபத்தில் துணையைக் காயப்படுத்துகிறீர்கள் என்று நேராகச் சொல்வார். அதைக் கேட்டுக்கொள்ள முடிவதே, தன் அடிப்படை அங்கே விசாரணையில் இல்லை என்று வந்தவருக்குத் தெரிவதால்தான். தேடுகிறவர்கள் முதல் போன் பேச்சிலேயே, “தன்பாலீர்ப்பினர், திருநர் அல்லது ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? இதை மாற்ற முயல்வீர்களா?” என்று கேட்டுவிடலாம். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேறு ஆளைத் தேடலாம்.

முதலில் சொன்ன அந்த மனிதர் நான்காவது அமர்வில் ஏதோ ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “அவன் கதவைச் சாத்திட்டுப் போயிட்டான்” என்கிறார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுகிறது. தெரபிஸ்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை, குறிப்பெடுக்கவும் இல்லை. “அன்றைக்கு ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேட்கிறார்.