திரில்லர் என்றால் திகிலா?

போர்க்காலத்தை வைத்து, பழைய ஆவணங்களைக் குடைந்து எழுதிய நல்ல திரில்லர் ஒன்று தமிழுக்கு வந்தால், அட்டையில் 'வரலாற்றுத் திகில் நாவல்' என்று போட்டுவிடுகிறார்கள். பிரித்தால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. லண்டனில் நாலு அதிகாரிகள் கோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

'திரில்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் துளைத்தல் என்று பொருள். மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லிலும் அதே வேர்தான். பிறகு உடம்புக்குள் பாயும் சிலிர்ப்பைக் குறித்தது. அப்படிச் சிலிர்க்க வைக்கும் கதை திரில்லர். அவ்வளவுதான்.

திகில் என்றால் பயம். ஹாரர் கதைக்கு வேண்டிய அந்தச் சொல்லை இங்கே செலவழித்துவிட்டு, அதற்கு எங்கே போவது? 'மர்ம நாவல்' என்பது அதைவிடப் பொருந்தாது. இந்தக் கதைகளின் முடிவுதான் ஊருக்கே தெரியுமே!

இரண்டாம் உலகப் போரில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 1943 ஏப்ரல் 30 அன்று ஸ்பெயினின் ஹுவெல்வா கடலோரத்தில் ஒரு பிணம் கிடைத்தது. ஜெர்மானியரை ஏமாற்ற பிரிட்டிஷ் உளவுத்துறையே மிதக்கவிட்ட பிணம் அது. மேஜர் வில்லியம் மார்ட்டின் என்பது அவர்கள் வைத்த பொய்ப் பெயர். அவரிடம் காதல் கடிதம், கணக்கில் இருந்ததைவிட அதிகமாக எடுத்த பணத்தைக் கட்டச் சொல்லும் வங்கிக் கடிதம், கிழித்த நாடக டிக்கெட். கூடவே, நேச நாட்டுப் படை கிரேக்கத்தில் இறங்கப்போகிறது என்று ஜெர்மானியரை நம்பவைக்கும் ரகசியக் கடிதம். யாராவது பிரித்தால் தெரியட்டும் என்று மடிப்புக்குள் ஒற்றைக் கண்ணிமை மயிர் வைத்திருந்தார்கள். படை ஜூலை 10 அன்று இத்தாலியின் சிசிலித் தீவில்தான் இறங்கியது. வாசகருக்கும் அது தெரியும். இருந்தும் கடிதம் லண்டனுக்குத் திரும்பி, அந்த மயிர் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் இடம் வந்தால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. இதில் எது மர்மம்?

'பரபரப்பு' பொருத்தமாகத்தான் இருந்தது. செய்தி சேனல்கள் கெடுத்துவிட்டன. கிணற்றில் மாடு விழுந்தாலும் பரபரப்பு, அமைச்சர் தும்மினாலும் பரபரப்பு.

என் ஓட்டு 'விறுவிறுப்பு'க்கு. கதை விறுவிறுவென்று போகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். விஷக்கடியில் கடுப்பு ஏறுவது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. திரில்லைப் போல அதுவும் உடம்பில் உணர்வதுதான். அகராதியைப் புரட்டினால் கிடைத்திருக்கும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதற்கு நேரமில்லை. முன்னால் ஒருவர் திகில் என்றார், இவரும் திகில் என்கிறார்.

'போர்க்கால விறுவிறுப்பு நாவல்' அட்டைக்கு நீளம் என்றால், சரி, திரில்லர் என்றே போடட்டும். திகில் மட்டும் வேண்டாம்.