மாட்டின் முதுகில் ஒரு மஞ்சள் குருவி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி படம் ஒன்று அனுப்பியிருக்கிறார். கப்பலில் வேலை செய்யும் அவருடைய தம்பி பிரேசிலின் தென்பகுதியில் கரையிறங்கியபோது எடுத்த படம். மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டின் முதுகில் மஞ்சள் வயிற்றோடு ஒரு குருவி நிற்கிறது. "எங்கட மாங்குயில் மாதிரி இருக்கு. ஆனா மாங்குயிலுக்கு மாட்டுக்கு மேல என்ன வேலை?" என்று கேட்கிறார்.

கேள்வியின் பின்பாதியிலேயே பாதி விடை வந்துவிட்டது. மாங்குயில் மரத்தை விட்டு இறங்குவதே அபூர்வம். படத்தில் உள்ள பறவையின் காலைப் பாருங்கள். மைனாவின் கால் போல நீளமாக, உறுதியாக இருக்கிறது. நிலத்தில் ஓடிப் பிழைக்கும் பறவையின் கால் அது.

இதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'மாட்டுக் கொடுங்கோலன்' என்று வரும். அறிவியல் பெயர் மச்செட்டோர்னிஸ் ரிக்சோசா. ரிக்சோசா என்றால் லத்தீனில் சண்டைக்குணம் உள்ளது என்று பொருள். சுமார் 19 செ.மீ. நீளம், சாம்பல் தலை, வெளிறிய தொண்டை, சிவந்த கண். அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும், 400க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் நம் நாட்டு ஈப்பிடிப்பான்களுக்கு இது நெருங்கிய சொந்தமில்லை. அதே புல்வெளியில் மஞ்சள் வயிறுள்ள வேறு உறவினர்களும் உண்டு. ஒன்றுக்குத் தலையில் கறுப்பும் வெள்ளையுமாகத் தடித்த பட்டைகள். இன்னொன்று குட்டைக் காலோடு கம்பியில் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் மூன்றையும் குழப்பிக்கொள்வோம்.

சரி, மாடு எதற்கு? அதைத் தெரிந்துகொள்ள பிரேசில் போக வேண்டாம். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்தில் எருமைகள் மேயும் நேரம் பார்த்துப் போய் நில்லுங்கள். மாட்டுக்கொக்கு எருமையின் வாய்க்குப் பக்கத்தில், முன்னங்காலை ஒட்டியே நடக்கும். எருமை ஒரு வாய் புல்லை இழுக்கும்போது அடியிலிருந்து வெட்டுக்கிளி தெறிக்கும். உடனே கொக்கின் கழுத்து நீளும். இதற்கு உண்ணிக்கொக்கு என்றும் பெயர் வைத்துவிட்டு அது உண்ணி தின்றே வாழ்கிறது என்று நம்பிவிட்டோம். உண்ணியையும் கொத்தும்தான். ஆனால் வயிற்றை நிரப்புவது வெட்டுக்கிளியும் தவளையும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வெட்டுக்கிளியின் பக்கம். அசையாமல் இருந்தால் புல்லோடு புல்லாக மறைந்துவிடும், எந்தப் பறவைக்கும் தெரியாது. அப்படியிருக்க அது ஏன் குதிக்கிறது? புல் அதிர்வது ஒரு காரணம். இன்னொன்று அதன் பார்வை நரம்பு. நெருங்கி வரும் பொருளை உணரவென்றே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பெரிய நரம்பணு இருக்கிறது. பல சிறு கண்கள் சேர்ந்த அதன் கூட்டுக்கண்ணில் பிம்பத்தின் விளிம்பு படும் இடமெல்லாம் 'தூண்டு' என்ற செய்தி இந்த அணுவுக்குப் போகும். கொஞ்சம் பிந்தி, அக்கம்பக்கத்துக்கு 'அடங்கு' என்ற செய்தி பரவும். புல் பக்கவாட்டில் மெல்ல ஆடினால் அடக்கும் செய்தி எட்டிப் பிடித்துவிடும், பூச்சி சும்மா இருக்கும். நேராக நெருங்கும் மாட்டு மூக்கின் கதை வேறு. அது கிட்ட வர வர அதன் பிம்பம் வேகமெடுத்து விரியும். விளிம்பு அடக்கும் செய்தியை முந்தி ஓடிக்கொண்டே இருக்கும். தூண்டல் குவிந்துகொண்டே போய், கால்களை இயக்கும் நரம்புகளுக்குக் கட்டளை இறங்கும். மாட்டின் வாயிலிருந்து தப்பவே வெட்டுக்கிளி பாய்கிறது. பாய்ந்த அந்தக் கணத்தில் பறவையின் கண்ணில் படுகிறது.

வெட்டுக்கிளியின் ஒரு நரம்புக்கா இவ்வளவு ஆராய்ச்சிக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. வாகனங்கள் மோதாமல் தடுக்கும் கருவிகளுக்காக இதே நரம்பைப் பின்பற்றி வடிவமைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயன் இல்லாவிட்டாலும் இந்த ஆய்வு வேண்டும் என்றே சொல்வேன். நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட அடிப்படை ஆய்வுக்குக் காசு ஒதுக்க வேண்டும்.

படத்திலுள்ள மஞ்சள் குருவியும் மாட்டை ஒட்டி இப்படித்தான் பூச்சி பிடிக்கிறது. ஆனால் அமெரிக்கக் கண்டங்களுக்கு மாடு வந்ததே 1493இல், கொலம்பஸின் இரண்டாம் பயணத்தோடுதான். அதற்கு முன்பிருந்தே அங்கே காப்பிபரா மேய்கிறது. உலகிலேயே பெரிய கொறித்துண்ணி அது. இந்தக் குருவி இன்றும் அதன் முதுகில் ஏறி நிற்கிறது, அதன் காலடியில் கிளம்பும் பூச்சியைப் பிடிக்கிறது. மாட்டுக்கொக்கும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென்னமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி கொஞ்சம் சுற்றிப் பார்த்திருந்தால் அதே மேய்ச்சல் நிலத்தில் அத்திடிய கொக்கின் உறவுக்காரரையும் கண்டிருக்கலாம்.

அடுத்த முறை கப்பல் அந்தப் பக்கம் போனால் தம்பியிடம் சொல்லுங்கள்: குருவி சண்டைக்கு நிற்கும்போது படம் எடுக்கட்டும். உச்சந்தலையில் சாம்பல் இறகுகளுக்குள் மறைந்திருக்கும் செம்மஞ்சள் கீற்று அப்போதுதான் விரிந்து தெரியும்.