டிஷ் பார்ப்பது தென்னையை அல்ல

திங்கள்சந்தைப் பக்கம் சித்தப்பா வீட்டு மாடியில், தூர்தர்ஷனின் இலவச டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பொருத்திக்கொண்டிருந்தோம். "மக்கா, டிஷ்ஷு நேரா தென்னையத்தான பாக்குது. ஓலைய வெட்டிரலாமா?" என்றார் சித்தப்பா. வேண்டாம் என்று தடுத்தேன். காய்க்கிற தென்னை அது.

வீட்டு டிஷ் முழுக் கிண்ணம் அல்ல. பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்தில் வெட்டியெடுத்த துண்டு. டிஷ்ஷின் முன்னே நீட்டிய கம்பி நுனியில் சிக்னலை வாங்கும் கருவிதான் எல்என்பி. வரும் அலையை அது மறைக்காதிருக்கத்தான் இந்த ஏற்பாடு. இதனால், டிஷ்ஷின் முகம் காட்டும் திசைக்குச் சுமார் 25 பாகை மேலேயிருந்துதான் சிக்னல் வந்து விழுகிறது.

ஃப்ரீ டிஷ்ஷுக்கான செயற்கைக்கோள் ஜிசாட்-15, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. டில்லியிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே 52 பாகை. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் நம் நாகர்கோவிலிலோ 69 பாகை, ஏறக்குறைய உச்சி வானம். நேர்கிழக்கிலிருந்து 26 பாகை தெற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். போன் திசைகாட்டியை டிஷ்ஷின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் தவறாகக் காட்டும். நான்கடி தள்ளி நின்று பாருங்கள்.

இந்த உயரக் கோணத்தில், டிஷ்ஷை விட 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓலை, 4 மீட்டருக்குள் வந்தால்தான் மறைக்கும். தடியிலிருந்து அல்ல, ஓலை நுனியிலிருந்து அளக்க வேண்டும். சித்தப்பா தென்னையின் நுனி 5 மீட்டர் தள்ளியிருந்தது. தப்பித்தது!

ஐப்பசி அடைமழையிலும் இந்தக் கோணம் உதவுகிறது. அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான் என்பதால் மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். ஆனால் செங்குத்தாக வரும் அலைக்கு மழைக்குள் கடக்கும் தூரம் குறைவு. கருமேகம் கவிந்தால் படம் உடையும்தான். ஆனாலும் வடக்கே உள்ளவர்களை விட நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இங்கே பலர் கோட்டைவிடுவது எல்என்பியைத் திருப்புவதில். தெற்கே வர வர அதை அதன் பிடிக்குள் அதிகம் சுழற்ற வேண்டும். பாதிச் சேனல் வந்து பாதி வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். சிக்னல் தேடும்போது டிஷ்ஷைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நொடி பொறுங்கள். செட்டாப் பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டால் சரியான இடத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

குளச்சல், முட்டம் கரையோரத்தில் உப்புக்காற்று நட்டுபோல்ட்டைத் தின்றுவிடும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மூன்று பாகை அகலந்தான். பிடி தளர்ந்து இரண்டு பாகை சரிந்தாலே படம் போய்விடும். முறுக்கும்போதே கிரீஸ் தடவிவிடுங்கள்.