மினி டிராக்டருக்கு அரசு மானியம்: யாருக்கு எவ்வளவு, விண்ணப்பிக்கும் முன் எதை அளக்க வேண்டும்

டிராக்டருக்கு மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், நேராக ஷோரூமுக்குப் போய் வண்டியைப் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் போய் "சார், இதுக்கு மானியம் உண்டா" என்று கேட்பது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் உங்கள் நிலம், அடுத்து அதில் ஓட வேண்டிய கருவி, அப்புறம் அந்தக் கருவியை இழுக்கிற வண்டி, கடைசியில் மானியம். மானியத்துக்காக வண்டி எடுத்தவர்கள் வீட்டு வாசலில் பொருந்தாத ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் சுழல் கலப்பை) துருப்பிடித்துக் கிடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம், அந்தப் பணம் திரும்ப வராது.

திட்டத்தின் பெயர் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம். ஒன்றிய அரசு 2014-15ல் கொண்டுவந்தது. செலவில் 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநில அரசும் போடுகின்றன. தமிழ்நாட்டில் இதை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு விலையில் 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு. இதில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயியாக இருந்தால் மாநில அரசு தன் நிதியிலிருந்து இன்னொரு 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது, ஆக மொத்தம் 70. இந்தக் கூடுதல் 20 பற்றித் தெரியாமலே பலர் 50க்கு மட்டும் காகிதம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தகுதி இருந்தால் சாதிச் சான்றையும் சிறு, குறு விவசாயி சான்றையும் சேர்த்தே வையுங்கள். இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. சான்றிதழ் வட்டாட்சியர் தருவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

விழுக்காட்டைக் கேட்டவுடன் மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது, விழுக்காட்டுக் கணக்கும் உச்சவரம்பும் ஒப்பிட்டு எது குறைவோ அதுதான் கைக்கு வரும். வண்டி விலை 6 லட்சம், உங்களுக்கு 50 விழுக்காடு, அந்த வகை வண்டிக்கு உச்சவரம்பு இரண்டே கால் லட்சம் என்று வைத்துக்கொள்வோம், கிடைப்பது 3 லட்சம் இல்லை, இரண்டே கால்தான். உச்சவரம்புத் தொகையை அரசு அவ்வப்போது மாற்றும், அதனால் போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிய தொகையை வைத்துத் திட்டம் போட வேண்டாம், உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் இந்த ஆண்டுத் தொகையைக் கேட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள்.

இன்னொன்று, டிராக்டரை வகை பிரிப்பது பேனட்டில் எழுதியிருக்கிற இன்ஜின் எச்.பி.யை (குதிரைத்திறனை) வைத்து இல்லை. வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றுகிற தண்டுக்குப் பிடிஓ என்று பெயர், அந்தத் தண்டு வழியாகக் கருவிக்குப் போய்ச் சேரும் பிடிஓ எச்.பி.யை வைத்து 8-20, 20-40, 40-70 என்று மூன்று வகை, ஒவ்வொன்றிலும் 2 வீல் டிரைவுக்கு ஒரு வரம்பு, 4 வீல் டிரைவுக்கு வேறு வரம்பு. 24 எச்.பி. என்று விற்கிற ஒரு வண்டியின் பிடிஓ 20க்குக் கீழே இருக்கலாம், இன்னொரு கம்பெனியின் 24 எச்.பி. வண்டியில் 20ஐத் தாண்டியும் இருக்கலாம். மானியத் தொகையும் மாறும், ரோட்டவேட்டர் இழுக்கிற தெம்பும் மாறும். ரோட்டவேட்டர், மட்டை தூளாக்கும் கருவி, விசைத்தெளிப்பான் எல்லாம் பிடிஓவில் ஓடுபவை, இன்ஜின் எச்.பி.யைக் கேட்டு அவற்றுக்கு ஆவது ஒன்றுமில்லை. விற்பனையாளரிடம் "பிடிஓ எவ்வளவு, அதற்கான சோதனை அறிக்கை எங்கே" என்று நேராகக் கேளுங்கள். மானியப் பட்டியலுக்கு வர வேண்டுமென்றால் வண்டி அரசு அங்கீகரித்த மையத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், டிராக்டர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய சோதனை நிறுவனம் பெயர்போனது. பிடிஓ திறன், ஹைட்ராலிக் தூக்கும் எடை, டீசல் செலவு எல்லாம் அந்த அறிக்கையில் அளந்து போட்டிருப்பார்கள். விளம்பர நோட்டீஸை விட அதுதான் எனக்கு நம்பகமானது.

சரி, நிலத்துக்கு வருவோம். வாழை, மஞ்சள், கரும்பு, தென்னை ஊடுபயிர், காய்கறி என்று வரிசைக்குள் புகுந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் மினி டிராக்டர் உண்மையில் பயன். அவர்கள் முதலில் எடுக்க வேண்டியது அளவு டேப். வரிசைக்கு வரிசை எத்தனை அடி என்று பயிர் வளர்ந்த நிலையில் அளங்கள், நட்ட அன்றைக்கு இருக்கும் இடைவெளி இலை பரந்த பிறகு இருக்காது. அப்புறம் ஷோரூமில் பின் டயரின் வெளி ஓரத்திலிருந்து அடுத்த டயரின் வெளி ஓரம் வரை அளங்கள். இரண்டு பக்கமும் கையளவாவது இடம் மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் முதல் வளைவிலேயே குலை தள்ளிய மரத்தில் மட்கார்டு உரசும். பல வண்டிகளில் சக்கர வட்டைத் திருப்பி மாட்டி அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம், எந்த அகலம் வரை குறையும் என்று கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

அதே டேப்பை ரோட்டவேட்டரிலும் வையுங்கள். ரோட்டவேட்டர் டயர் தடத்தை மூடுகிற அகலத்தில் இருக்க வேண்டும், குறைந்தால் ஓட்டிய மண்ணில் ஓரமாக டயர் மிதித்த கோடு கெட்டியாக நின்றுவிடும், அதில் களை முதலில் முளைக்கும். அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இன்ஜின் திணறும். 15 எச்.பி. வண்டிக்கு ஏறத்தாழ மூன்றடி, 24 எச்.பி.க்கு மூன்றரையிலிருந்து நாலடி, இதுதான் தாங்கும். "அஞ்சடி வாங்கிக்கோங்க அண்ணே, வேலை சீக்கிரம் முடியும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், நாலு மழைக்குப் பிறகு இறுகிய செம்மண்ணில் அது நின்று நின்றுதான் போகும். கொத்துக் கலப்பை என்றால் இந்த அளவு வண்டிக்கு ஐந்து கொத்து போதும், ஒன்பது கொத்து பெரிய வண்டிக்கானது. தூக்கும் எடையையும் பாருங்கள்: இந்த ரக வண்டிகளில் பலவற்றுக்கு அது 750 கிலோ அளவில்தான் இருக்கும், வண்டியே எடை குறைவு, பின்னால் கனமாக மாட்டினால் வரப்பு ஏறும்போது முன் சக்கரம் மண்ணை விட்டு எழும்பும், அது உயிருக்கே ஆபத்து.

கரிசல் காட்டில் கோடை உழவுக்குச் சட்டிக் கலப்பை, உளிக் கலப்பை போட வேண்டியவர்கள் மினி டிராக்டரை நம்ப வேண்டாம். அதற்கு 45, 50 எச்.பி. வண்டி வேண்டும், வருஷத்தில் ஒரு தடவை வேலைக்கு அதை வாடகைக்கு எடுப்பதுதான் சரி. இங்கேதான் அதே துறையின் இன்னொரு வசதி கைகொடுக்கும்: இ-வாடகை செயலியில் பதிந்தால் துறையின் டிராக்டரும் கருவியும் மணிக்கு 500 ரூபாய் வாடகைக்கு வரும். சிறு, குறு விவசாயிகளுக்கு உழவு வாடகையில் பாதியை மானியமாகத் திருப்பித் தரும் ஏற்பாடும் உண்டு. மூன்று ஏக்கர்தான் இருக்கிறது, வருஷத்துக்கு முப்பது மணி நேர வேலைதான் என்றால் முழு வாடகையே 15,000 ரூபாய். மானியம் போக மூன்றரை, நாலு லட்சம் கைக்காசோ கடனோ போட்டு அந்த வேலைக்கு ஒரு டிராக்டரை நிறுத்தி வைப்பது வட்டிக்குக்கூடக் கட்டாது. சுற்று வட்டாரத்தில் வாடகைக்கு ஓட்ட ஆளும் வேலையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள், இல்லையென்றால் பவர் டில்லரோ பவர் வீடரோ போதும், அவற்றுக்கும் இதே திட்டத்தில் மானியம் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் வழி: உழவன் செயலியிலோ துறையின் இணையதளத்திலோ பதியலாம். ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், புகைப்படம், பொருந்தினால் மேலே சொன்ன சான்றுகள். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ, ஏழு பேர் கூட்டுப் பட்டாவிலோ கிடந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், விண்ணப்பங்கள் நின்றுபோவது அதிகமும் இந்த இடத்தில்தான். பெண்கள் பெயரில் நிலம் இருந்தால் அவர் பெயரிலேயே போடுங்கள், ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தாலும் 50 விழுக்காடு கிடைக்கும். மூப்பு வரிசைப்படிதான் தருவார்கள், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆண்டு ஒதுக்கீடு இவ்வளவு என்று அளவு இருக்கிறது, அதனால் ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கியதுமே பதிந்துவிடுவது நல்லது.

அனுமதி ஆணை கைக்கு வரும் முன் வண்டியை எடுக்காதீர்கள். பில் தேதி ஆணைக்கு முந்தியதாக இருந்தால் மானியம் கிடையாது, யாரிடம் போய்க் கெஞ்சினாலும் நடக்காது. ஆணை வந்த பிறகு அங்கீகரித்த பட்டியலில் இருந்து கம்பெனி, மாடல், விற்பனையாளர் எல்லாம் உங்கள் விருப்பம், இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. முழு விலையையும் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகக் கட்ட வேண்டும், மானியம் பின்னால்தான் கணக்கில் ஏறும், கடனில் வாங்கினால் கடன் கணக்கில் வரவாகும். ஆக, இடைப்பட்ட காலத்துக்கு முழுப் பணமும் உங்கள் பொறுப்பு. கந்துவட்டிக்கு வாங்கி அதைச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

விலை பேசும்போது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கும் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது, டிராக்டர் டயர், உதிரி பாகங்களுக்கு 18லிருந்து 5. பழைய விலைப் பட்டியலை நீட்டினால் பில்லில் வரி எவ்வளவு என்று தனியாகக் காட்டச் சொல்லுங்கள். வண்டி வந்ததும் அதிகாரி வந்து எண்களைச் சரிபார்த்துப் படம் எடுப்பார், அன்றைக்கு வண்டியும் கருவியும் இரண்டுமே வீட்டில் இருக்க வேண்டும். கருவியின் மேல் பதித்திருக்கும் தகட்டு எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று டெலிவரி எடுக்கும் இடத்திலேயே பார்த்து வாங்குங்கள், எண் மாறியிருந்தால் மானியம் அப்படியே நின்றுபோகும், புது பில் வாங்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.