பிள்ளைக்கு முதல் ஏர் பிஸ்டல் வாங்கும் முன்

போன ஜூன் மாதம் ஒரு அப்பா தன் 13 வயது மகளை, நான் துப்பாக்கி சுடப் பயிற்சி தரும் எங்கள் ரேஞ்சுக்குக் கூட்டி வந்தார். கையில் ஒரு பெட்டி. "எல்லாம் வாங்கிட்டேன் சார், நீங்க சொல்லிக் கொடுத்தா போதும்" என்றார். பெட்டிக்குள் ஸ்பிரிங்கில் இயங்கும் ஏர் பிஸ்டல் இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். அந்தப் பெண்ணால் அதை ஒரு தடவைகூட மடக்க முடியவில்லை. அப்பாவே மடக்கி மடக்கிக் கொடுக்க, அவள் சுட்டாள். ஏழெட்டுக் குண்டு போவதற்குள் டிரிகரை அழுத்தும் முன்பே கண்ணை மூட ஆரம்பித்துவிட்டாள். பிஸ்டல் கையில் குதிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயப்படுகிறது. அந்தப் பழக்கத்தை மாற்ற எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு இப்படி வரும் பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் நடுத்தரக் குடும்பங்கள். "சார், பட்ஜெட்ல நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. போட்டிக்குரிய வெளிநாட்டுப் பிஸ்டல் ஒன்றின் விலை லட்சத்தைத் தாண்டும் போது, யாராக இருந்தாலும் குறைந்த விலையில் ஒன்றைத்தான் தேடுவார்கள். எது உண்மையில் குறைந்த விலை என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ. அளவுக்குள்ளும் குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் போட்டிக்கான பிஸ்டல்கள் எல்லாம் 4.5 மி.மீ.தான். அரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் 6 ஜூல்கூட வராது. ஆனால் போட்டிகளில் சுடும் .22 பிஸ்டல் (குழல் விட்டம் 0.22 அங்குலம்) காற்றில் அல்ல, வெடிமருந்தில் இயங்குவது. அதற்கு உரிமம் கட்டாயம். ஆகவே நம் ஊரில் குறிபார்த்துச் சுடப் பழக வருகிறவருக்கு முதல் கைத்துப்பாக்கி என்றால் அது ஏர் பிஸ்டல்தான். வேறு வழியைத் தேட வேண்டியதும் இல்லை. வாங்கும் போது பில் கட்டாயம் வாங்குங்கள், கடைக்காரர் அடையாள அட்டை நகல் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அடையாள அட்டையும் வேண்டாம், பில்லும் வேண்டாம் என்று ஒருவர் விற்றால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது?

அந்த அப்பா கொண்டுவந்தது போன்ற ஸ்பிரிங் பிஸ்டல் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் சிக்கல் ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது. டிரிகரை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்ந்து மோதுகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே பிஸ்டல் அசைந்துவிடுகிறது. பல ஆண்டு சுட்டவருக்கே அந்த அசைவைக் கட்டுப்படுத்துவது கடினம். புதிதாக வந்த பிள்ளைக்கோ தவறு தன் கையில் இருக்கிறதா பிஸ்டலில் இருக்கிறதா என்றே தெரியாது.

அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. இந்த விளையாட்டில் பாதிப் பயிற்சி குண்டே இல்லாமல் நடப்பது. ட்ரை ஃபயர் என்போம். வெறும் சுவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) சரிசெய்து, டிரிகரை அழுத்தி, கையை அசைக்காமல் இரண்டு நொடி நிறுத்தி இறக்குவது. என் மாணவர்களுக்குத் தினமும் வீட்டில் 20 நிமிடம் இதைச் செய்யச் சொல்கிறேன். காசு செலவில்லாத பயிற்சி இது. போட்டிப் பிஸ்டல் பலவற்றில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. ஸ்பிரிங் பிஸ்டலைக் குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டன் எதிர்க் காற்றில்லாமல் போய் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் கெடும். ஆக, விலை குறைவு என்று வாங்கிய பிஸ்டல், செலவே இல்லாத பயிற்சியைத்தான் முதலில் பறிக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்குபவை இன்னொரு வகை. பல, போலீஸ் பிஸ்டலைப் போலவே செய்யப்பட்டவை. பையன்களுக்குப் பிடிக்கும். அந்த வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். ஏப்ரல், மே வெயிலில் காலை ஆறு மணிக்கு விழுந்த இடத்தில் பதினோரு மணிக்குக் குண்டு விழாது. வேகமாக அடுத்தடுத்துச் சுட்டால் குப்பி குளிர்ந்து அழுத்தம் இறங்கும். குப்பி வாங்கும் செலவும் தொடர்ந்துகொண்டே இருக்கும். இவற்றில் இரும்பு மணிக் குண்டு போட்டுச் சுடுபவை உண்டு. அவை கடினமான எதன் மீது பட்டாலும் சுட்டவரை நோக்கியே திரும்பி வரக்கூடும். எங்கள் ரேஞ்சில் அவற்றுக்கு அனுமதி இல்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை. சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம், உதைப்பு ஏறக்குறைய இல்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தம். ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச்-46எம் இந்த வகையில் பெயர் பெற்றது. பெரியவர் ஒருவர் பொழுதுபோக்காகப் பழகுகிறார் என்றால் இந்த வகையைத் தயங்காமல் சொல்வேன். பிள்ளைகளுக்கு என்றால் யோசிக்க வேண்டும். 60 குண்டுக்கு 60 தடவை அந்த நெம்புகோலை இழுத்தால் சுடும் கையே தளர்ந்துவிடும்.

மற்றது, சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பிச் சுடுவது. இன்று போட்டிகளில் இருப்பது இதுதான். ஸ்டெயர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி என்று நிறுவனங்கள் பல. இவற்றில் எதை எடுத்தாலும் பெஞ்சில் வைத்துச் சுட்டால் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போகும். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அந்த வட்டத்தைத் தவறவிடுவது பிஸ்டல் அல்ல. அதனால் இந்த வகைக்குள் வந்த பிறகு பிராண்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஹேமர்லி ஏபி20 மாதிரி எளிய, எடை குறைந்த மாடல் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

பேட்டரியில் இயங்கும் எலக்ட்ரானிக் டிரிகர் வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் பிஸ்டலுக்கு வேண்டாம், சாதாரண டிரிகர் போதும். விலையும் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் மக்கர் செய்தது; எலக்ட்ரானிக் டிரிகர் பகுதியில் கோளாறு என்று செய்திகள் வந்தன. சரிசெய்து வருவதற்குள் நிறைய நேரம் போய்விட்டது. 575 புள்ளி எடுத்து 12வது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அந்த நிலைமையிலும் மிச்சக் குண்டுகளை அப்படிச் சுட்டது சாதாரண விஷயமில்லை என்று என் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். மேலே போகிறவர்கள் அந்த டிரிகரைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. புதிதாக வந்தவருக்கு அதனால் கிடைக்கும் லாபம் ஒன்றும் இல்லை.

எந்த டிரிகராக இருந்தாலும், அதை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடை தேவைப்பட வேண்டும் என்பது ஏர் பிஸ்டல் விதி. போட்டியில் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, டிரிகரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். வாங்கும் முன் நீங்களும் பாருங்கள். அழுத்தும் போது முதலில் கொஞ்சம் இலகுவாக வந்து, ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து சொரசொரப்பில்லாமல் விட வேண்டும். பத்துத் தடவை அழுத்தினால் பத்துத் தடவையும் அதே மாதிரி.

நான் ரொம்ப நேரம் செலவழிப்பது கைப்பிடியில். செருப்பு மாதிரி இதற்கும் அளவு உண்டு. சின்னது, நடுத்தரம், பெரியது, வலக்கை, இடக்கை. பிள்ளையை நிற்கவைத்து, காலி பிஸ்டலைக் கொடுத்து, கண்ணை மூடிக் கையை உயர்த்தச் சொல்வேன். அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்வேன். பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் முன் சைட் இயல்பாகவே நின்றால் கைப்பிடி பொருந்துகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக ஒதுங்கினால் பொருந்தவில்லை. கொஞ்சம்தான் ஒதுங்குகிறது என்றால் மரத்தைத் தேய்த்தோ, மரப் புட்டி வைத்தோ சரிசெய்யலாம். இதைப் பாராமல் ஆன்லைனில் வாங்குகிறவர்களைப் பார்க்கும் போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஒரு குடும்பத்தில் இடக்கைப் பழக்கமுள்ள பையனுக்குத் தள்ளுபடியில் கிடைத்ததென்று வலக்கைப் பிஸ்டல் வாங்கிவிட்டார்கள். அவன் ஒரு வருடம் அதோடு போராடினான். கடைசியில் இடக்கைக் கைப்பிடி தனியாக வரவழைத்த போது தள்ளுபடியில் மிச்சமானதைவிட அதிகம் செலவானது.

எடையையும் பாருங்கள். விதிப்படி 1,500 கிராம் வரை இருக்கலாம். பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டி வரும். நீட்டிய ஒற்றைக் கையில் ஒரு கிலோ. போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு. சரியாக வராத போது சுடாமல் இறக்குவதையும் சேர்த்தால் கை நூறு தடவைக்கு மேல் உயரும். 12 வயதுக் குழந்தையின் தோளுக்கு அது அதிகம்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. முதல் ஆறு மாதம் எதையுமே வாங்காதீர்கள். கிளப் பிஸ்டலில் பழகட்டும். பிடிக்கும் முறை மாறும், நிற்கும் முறை மாறும், வளரும் பிள்ளைக்குக் கையின் அளவே மாறும். மூன்றாவது மாதம் ஆர்வம் போய்விடும் பிள்ளைகளும் உண்டு, அதில் தப்பொன்றும் இல்லை. அதுவரை பாதுகாப்புக் கண்ணாடி, ரேஞ்ச் கட்டணம், குண்டு இவற்றுக்குச் செலவழியுங்கள். குண்டுச் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாளுக்கு 60, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 300 குண்டு. 500 குண்டு உள்ள டப்பா இரண்டு வாரம்கூட வராது. வருடத்துக்கு முப்பது டப்பாவுக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் பிஸ்டலுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டும்.

ஆறு மாதத்துக்கு அப்புறம் வாங்கலாம் என்றால், என் முதல் சிபாரிசு ஒருமுறை கைமாறிய நல்ல போட்டிப் பிஸ்டல். மேலே போகும் மாணவர்கள் புதியது வாங்கும் போது பழையதை விற்பார்கள். நன்றாகப் பராமரித்தால் இவை பல லட்சம் குண்டு தாங்கும். கவனிக்க வேண்டியது சிலிண்டர். தயாரித்த மாதமும் வருடமும் அதன் மேலேயே பொறித்திருக்கும். பல நிறுவனங்கள் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. என் மாணவன் ஒருவன் இதைப் பாராமல் வாங்கிவிட்டான். சிலிண்டர் காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. போட்டிக்கு நான்கு நாள் முன்புதான் தெரிந்தது. கிளப் பிஸ்டலில்தான் சுட்டான். புது சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வந்துசேர மாதக்கணக்கில் ஆனது. சிலிண்டரை நிரப்பி ஒரு இரவு வைத்து, காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதற்காக விலையில் பேரம் பேசலாம்.

சிலிண்டரைப் பற்றிச் சொல்லும் போது ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெல்டிங் பட்டறையிலோ ஆஸ்பத்திரி சப்ளை செய்பவரிடமோ ஆக்சிஜன் நிரப்பிக்கொள்ளாதீர்கள். "அதுவும் காத்துதானே சார்" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். உயர் அழுத்தத்தில் தூய ஆக்சிஜன், உள்ளே இருக்கும் துளி எண்ணெயோடு சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். கை பம்ப்பிலோ, ஸ்கூபா டாங்கில் இருக்கும் சாதாரணக் காற்றிலோ மட்டும் நிரப்புங்கள்.

குண்டு ஈயம். பிள்ளைகள் நாலைந்தை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். எங்கள் ரேஞ்சில் குழாயடியைத் தாண்டித்தான் சாப்பிடும் இடத்துக்குப் போக முடியும். வேண்டுமென்றே அப்படி அமைத்தோம்.

மொட்டை மாடியில் அட்டையை மாட்டிச் சுடுவது இன்னொரு ஆபத்து. 6 ஜூல் குறைவு என்றுதான் மேலே சொன்னேன். ஆனால் அது ஒரு கண்ணைப் பறிக்கத் தாராளமாகப் போதும். பக்கத்து மாடியில் துணி உலர்த்த யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. வீட்டில் ட்ரை ஃபயர் மட்டும், அதுவும் குண்டு டப்பாவைப் பூட்டி வைத்த பிறகு. பஸ்ஸிலோ ரயிலிலோ போகும் போது பூட்டிய பெட்டிக்குள், குழலில் குண்டில்லை என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு மாட்டி, பில் நகலோடும் கிளப் அட்டையோடும் கொண்டுபோங்கள். வெளியே எடுத்து யாருக்கும் காட்ட வேண்டாம். பார்ப்பவருக்கு அது துப்பாக்கிதான்.

அந்த 13 வயதுப் பெண் இப்போது கிளப் பிஸ்டலில் சுடுகிறாள். கண் மூடும் பழக்கம் போய்விட்டது. அவள் அப்பா ஸ்பிரிங் பிஸ்டலை வந்த விலைக்கு விற்றுவிட்டார். போன சனிக்கிழமை அவள் கையை ஒரு தாளில் வைத்து, விரலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அளவெடுத்தோம். சின்ன அளவு, வலக்கை. சீனியர் பையன் ஒருவன் தன் பழைய பிஸ்டலை விற்கப் போகிறான், சிலிண்டருக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அடுத்த வாரம் அவளிடம் கொடுத்துக் கண்ணை மூடிக் கையை உயர்த்தச் சொல்லிப் பார்க்க வேண்டும்.